வருடத்துக்கு 38 மணி நேரம் ஓடும் டிராக்டர்: வைத்திருப்பதா, விற்பதா?

போன சித்திரையிலிருந்து இந்தச் சித்திரை வரை ஒரு பழைய நோட்டில் டிராக்டர் ஓடிய நேரத்தை எழுதி வந்தேன். சாவியைத் திருப்பும்போது ஒரு குறிப்பு, நிறுத்தும்போது ஒரு குறிப்பு. ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்தால் மொத்தம் 38 மணி நேரம். மீதி நாளெல்லாம் கட்டுத்தரைக்குப் பக்கத்துச் சாளையில், சைலன்சர் குழாய் மேல் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்தபடி நின்றிருக்கிறது.

அது மாஸி பெர்குசன் 1035. மூன்று சிலிண்டர் சிம்சன் எஞ்சின். 1998-இல் அப்பா வாங்கியது, பாலக்காட்டுப் பதிவான கே.எல். 9 நம்பர். அப்போது எங்களுக்கு ஆறு ஏக்கரும் உழவு நிலம். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து நாலு ஏக்கரில் நிலக்கடலை, நல்லேப்பிள்ளிப் பக்கத்து இரண்டு ஏக்கரில் நெல். பிறகு அந்த நாலு ஏக்கர் தென்னந்தோப்பாகி, சொட்டுநீர்க் குழாயும் போட்டாகிவிட்டது. தென்னை வேரில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி ஆறேழு அடிக்குள்தான் இருக்கிறது. அங்கே கலப்பையை இறக்கினால் மரத்துக்கும் நட்டம், குழாய்க்கும் நட்டம். நடு வரிசையில் மட்டும் ஓட்டலாம், அதுவும் வருடத்தில் இரண்டு தடவை. நிலம் மாறியது, டிராக்டர் அப்படியே நின்றுவிட்டது. இந்தப் பகுதியில் பாதி வீடுகளில் இதே கதைதான்.

என் மனைவியின் அண்ணன் எருத்தேம்பதியில் இருக்கிறார். அவரிடமும் ஏறக்குறைய அதே வயதுள்ள இன்னொரு மாஸி உண்டு. "மாப்பிள்ளை, விக்கறதா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வில்லுங்க" என்று அவர் சொன்னதால்தான் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்த்தோம். யாருக்காவது பயன்படட்டும் என்று அந்தக் கணக்கை அப்படியே எழுதுகிறேன்.

முதல் கணக்கு

என் வண்டிக்குப் புரோக்கர் கேட்ட விலை, டிரெய்லர் இல்லாமல், 1,60,000 ரூபாய். அந்தப் பணத்தை வங்கியில் போட்டால் ஏழு சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 11,200 வரும். வண்டியை வைத்திருப்பதால் அது கைவிட்டுப் போகிறது. இதைச் செலவில் சேர்க்காமல்தான் நம்மில் பலர் "சும்மாதானே நிக்குது" என்று சொல்கிறோம். இன்சூரன்ஸ், ஆயில், ஃபில்டர், மூன்று வருடத்துக்கு ஒரு பேட்டரி, எல்லாவற்றையும் ஆண்டுக்குப் பிரித்தால் எனக்கு 16,000. கிளட்ச், டீசல் பம்ப், பின் டயர் என்று திடீரென்று வரும் வேலைக்கு 10,000 ஒதுக்க வேண்டும். ஆக, சாவியைத் தொடாமலே 37,200 ரூபாய்.

ஓடும்போது மணிக்கு நாலு லிட்டர் டீசல், சுமார் 380 ரூபாய். வெளியில் வண்டி கூப்பிட்டால் போன சீசனில் நான் கொடுத்தது மணிக்கு 1,200. அப்படியென்றால் சொந்த வண்டியில் ஒவ்வொரு மணிக்கும் 820 ரூபாய் மிச்சம். 37,200-ஐ 820-ஆல் வகுத்தால் 45 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அதற்கு மேல் ஓடினால் சொந்த வண்டி லாபம், கீழே போனால் வாடகை லாபம். என் 38 மணி நேரம் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. வித்தியாசம் ஆறாயிரம் ரூபாய்தான். இதற்காகவா அப்பா வாங்கிய வண்டியை விற்பது என்று எனக்கும் தோன்றியது. நீங்கள் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், வகுக்கும் முறை ஒன்றுதான்.

மச்சானின் வண்டி 120 மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடுகிறது. பதினோரு ஏக்கரில் கடலை, தக்காளி, மாட்டுக்குச் சோளத்தட்டு. பக்கத்துக் காட்டுக்கும் ஓட்டிக் கொடுக்கிறார். அவருக்கு இந்தக் கேள்வியே இல்லை.

இரண்டாம் கணக்கு

மச்சான் என் நோட்டைப் புரட்டி ஒரு கேள்வி கேட்டார். "முப்பத்தெட்டு மணி நேரம் சரி. எந்த வேலைக்கு எத்தனை?" பிரித்துப் பார்த்தோம். டிரெய்லரில் சாணியும் மட்டையும் தேங்காயும் ஏற்றியது 14 மணி. தென்னை நடுவே ஒன்பது கொத்துக் கலப்பை 11 மணி. நெல்லுக்குச் சேறு அடித்தது 9 மணி. ரோட்டாவேட்டர் 4 மணி.

அங்கேதான் கணக்கு சாய்ந்தது. என்னுடையது 35 குதிரைத்திறன். இப்போது வாடகைக்கு வருவது 45, 50 குதிரைத்திறன் வண்டிகள். எனக்கு 24 மணி நேரம் ஆன வயல் வேலையை அவை 17 மணியில் முடித்துவிடும். போன தடவை பக்கத்து வயலில் பார்த்துக்கொண்டே நின்றேன். 17 மணிக்கு 20,400 ரூபாய். டிரெய்லர் வேலைக்கு எட்டு நடை குட்டி லாரி கூப்பிட்டால் நடைக்கு 700 வீதம் 5,600. மொத்தம் 26,000. சொந்த வண்டிக்கு டீசலையும் சேர்த்து நான் செய்வது 51,640. என் கூலியை நான் எழுதவே இல்லை. மணிக்கு மணி என்று ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம், வேலைக்கு வேலை என்றுதான் ஒப்பிட வேண்டும்.

ஆனால் தண்ணீர் வரும் வாரம்?

வைத்திருக்க வேண்டும் என்பவர்கள் சொல்லும் காரணங்களிலேயே கனமானது இது. அதை ஒதுக்கிவிட முடியாது. சித்தூர்ப் புழை ஆயக்கட்டுக்குத் தண்ணீர் நம் கையில் இல்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு எங்கள் கேரளத்துக்கு மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தர வேண்டும், ஆனால் வாய்க்காலில் எப்போது திறப்பார்கள் என்பது ஒவ்வொரு வருடமும் ஒரு பேச்சுவார்த்தை. திறந்துவிட்டால் ஆயக்கட்டு முழுக்க ஒரே வாரத்தில் சேறு அடிக்க வேண்டும். நாற்றுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கும். அந்த வாரம் வாடகை வண்டிக்காரருக்குப் போன் போட்டால் "நாளைக்கு வர்றேனுங்க" என்பார், அந்த நாளை நாலு நாள் கழித்துத்தான் வரும்.

எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கத்து மேட்டாங்காட்டில் இது இன்னும் கடுமை. கோடை மழை ஒன்று பெய்தால் மண்ணில் பதம் மூன்று நாள்தான் நிற்கும். மூன்றாம் நாள் மாலைக்குள் உழுதுவிட்டால் மண் பொலபொலவென்று விழும். நாலாம் நாள் கட்டி கட்டியாய்ப் பெயரும். அந்த மூன்று நாளுக்காகவே ஒருவர் டிராக்டர் வைத்திருந்தால் அதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். மச்சான் விற்கக் கூடாது என்று நான் உறுதியாகச் சொன்னதும் இதனால்தான்.

என் வண்டிக்கு இந்தக் காரணம் பொருந்துமா என்று பார்த்தேன். இரண்டு வருடம் முன்பு நடந்ததைச் சொல்கிறேன். வாய்க்காலில் தண்ணீர் வந்த மறுநாள் காலையில், சேற்றில் ஓட்டுவதற்கான இரும்புச் சக்கரமான கேஜ் வீல் மாட்ட வண்டியை எடுக்கப் போனேன். பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தது. தள்ளி ஸ்டார்ட் செய்தால் கிளட்ச் மிதிக்கிறேன், கியர் விழவில்லை. மழைக்காலம் முழுக்க ஈரத்தில் நின்றதில் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. செல்ஃபுக்குப் போகும் ஒயரை எலி கடித்திருந்தது. மெக்கானிக் வந்து சரிசெய்ய இரண்டு நாள். அதற்குள் வாடகை வண்டி வந்து என் வயலை அடித்துவிட்டுப் போய்விட்டது. சாளையில் நின்றது சொந்த டிராக்டர், வயலில் ஓடியது ஊரான் டிராக்டர்.

அவசரத்துக்கு உதவும் என்பதற்காக வைத்திருப்பவர், அந்த அவசரத்துக்கு அதைத் தயாராக வைத்திருக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து, எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரை, அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். ஐந்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்தினால் உள்ளே ஈரம்தான் சேரும். டீசல் டேங்க் நிறைந்திருக்க வேண்டும். காலி இடத்தில் காற்றின் ஈரம் தண்ணீராய் இறங்கி, பம்பையும் நாசிலையும் கெடுத்துவிடும். நீண்ட நாள் நிறுத்துவதானால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, கிளட்ச் பெடலை அமுக்கி ஒரு மரக்கட்டையால் முட்டுக்கொடுத்து வைக்க வேண்டும். மச்சான் இதையெல்லாம் யாரும் சொல்லாமலே செய்கிறார், தினமும் வண்டியோடு புழங்குபவர். நான் கொட்டாங்குச்சியைக் கவிழ்ப்பதோடு நிறுத்திக்கொண்டவன். என் மகன் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான், அவனுக்கு டிராக்டர் ஓட்டவும் தெரியாது. ஓட்டுவதற்கு வீட்டில் அடுத்த ஆள் யார் என்பதை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது, ஆனால் என் விஷயத்தில் முடிவைத் தீர்மானித்தது அதுதான்.

மாற்றி வாங்கினால்?

மினி டிராக்டர் தென்னந்தோப்புக்கு நல்லது. 25 அடி இடைவெளியில் தாராளமாகத் திரும்பும், தாழ்ந்த மட்டைக்குக் கீழேயும் போகும். வேளாண் இயந்திரத் திட்டத்தில் மானியமும் உண்டு, ஊர் வேளாண் அலுவலகமான கிருஷி பவனில் கேட்கலாம். ஆனால் 38 மணி நேர வேலைக்குப் பல லட்சம் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பவர் டில்லரைப் பற்றியும் யோசித்தேன். சேற்றில் அதன் பின்னால் நடக்கும் வயதை நான் தாண்டிவிட்டேன்.

வைத்துக்கொண்டு வாடகைக்கு விடலாமே என்று சிலர் சொன்னார்கள். டிரைவர் இல்லாமல் அது நடக்காது. செங்கல், எம்-சாண்ட் நடை அடிக்க விடுங்கள் என்று கேட்டவர்களும் உண்டு. விவசாயத்துக்கென்று பதிவான வண்டியில் அந்தப் பாரம் ஏற்றி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும்.

விற்பதிலும் இரண்டு வழி

பொள்ளாச்சிப் பக்கத்துப் புரோக்கர் வந்தார். வேலை தெரிந்தவர். ஸ்டார்ட் செய்யுமுன் எஞ்சின் மேல் கையை வைத்துப் பார்த்தார், முன்கூட்டியே சூடேற்றி வைத்திருக்கிறோமா என்று. ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்து புகை அடிக்கிறதா என்று குனிந்து பார்த்தார். கலப்பையைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு பீடி முடியும் வரை காத்திருந்தார். ஹைட்ராலிக் இறங்கவில்லை. அப்புறம்தான் 1,60,000 என்றார், முழுப் பணமும் கையில். கூடவே பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30, இரண்டிலும் பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுத் தரச் சொன்னார்.

அங்கேதான் நான் நின்றுவிட்டேன். பதிவுச் சான்றான ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விற்றுவிட்டேன் என்று சொன்னாலும் விபத்து நட்டஈடு அவர் தலையில்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டால் அந்த வண்டி நாலு கை மாறி எங்கே ஓடினாலும் என் பெயரில்தான் ஓடும். மாநிலம் தாண்டிப் போவதானால் ஃபார்ம் 28-இல் தடையின்மைச் சான்றும் வாங்க வேண்டும். எல்லையோர ஊர்களில் இதைச் செய்யாமலே வண்டிகள் அக்கரை போகின்றன. தயவுசெய்து அப்படி விற்காதீர்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே பாருங்கள். பதிவு 15 வருடம், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிப்பு. எனக்கு 2023-இல் செய்தது, 2028 வரை இருக்கிறது. ஆனால் அப்பா கட்டி முடித்த பழைய வங்கிக் கடன் ஆர்.சி.யில் இன்னும் அடமானமாகவே நின்றது. வங்கியில் பழைய ஏட்டைத் தேடிச் சான்று வாங்கி, ஃபார்ம் 35 கொடுத்து நீக்க இரண்டு மாதம் அலைந்தேன். விற்கும் எண்ணம் இல்லாதவர்களும் ஒருமுறை ஆர்.சி.யைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

கடைசியில் எங்கள் பஞ்சாயத்திலேயே ஒரு தம்பி கேட்டார். ஐந்து ஏக்கர் குத்தகைக் காடு, டிராக்டர் ஓட்டத் தெரிந்த கை. 1,50,000 தான் முடியும் என்றார். புரோக்கரை விடப் பத்தாயிரம் குறைவு. ஒரே ஆர்.டி.ஓ. எல்லைக்குள் என்பதால் மாற்றம் சுலபம். பெயர் மாறிய ஆர்.சி. வந்த பிறகுதான் சாவி என்று முதலிலேயே பேசிக்கொண்டோம், அவரும் அதையே விரும்பினார். வாய்க்காலில் தண்ணீர் வரும் வாரத்தில் முதல் நாள் என் இரண்டு ஏக்கருக்கு என்று அவராகவே சொன்னார். வாடகை கொடுத்துத்தான் ஓட்டிக்கொள்வேன். டிரெய்லரை மச்சான் எடுத்துக்கொண்டார், அவருடையதில் அடித்தகடு துருவேறி ஓட்டையாகியிருந்தது.

வண்டி எடுக்க வந்த அன்று அந்தத் தம்பியைச் சீட்டில் உட்காரவைத்து, குளிர்காலத்தில் இந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கும், நாலாவது கியர் எங்கே சற்று இழுக்கும், ஹைட்ராலிக் லீவரை எதுவரை தள்ளினால் போதும் என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். இதையெல்லாம் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அவர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டு, "கிளட்ச்சை மட்டும் ஒருக்கா மாத்திரட்டுங்களாண்ணா?" என்றார். மாற்றிவிடு தம்பி, அந்தக் கிளட்ச்சை நான்தான் நிற்கவைத்துக் கெடுத்தேன் என்றேன்.