நகையை அடகு வைப்பதா, விற்பதா?

2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. திருகோணமலையில் பல படகுகளுக்குக் கடலுக்குப் போவதே கட்டுப்படியாகவில்லை. இப்படி உழைப்பு நின்றால் வீட்டில் முதலில் கை வைப்பது நகையில்தான்.

உழைப்பு எந்த மாதம் திரும்பும் என்று தெரிந்தால் அடகு சரி. உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் வேலை செய்பவர் நவம்பரில் வைத்து, மே மாதச் சீசன் தொடங்கியதும் மீட்கலாம். ஆண்டு வட்டி 20 சதவீதம் என்றால் 1 இலட்சத்துக்கு ஆறு மாத வட்டி 10,000 ரூபாய். விற்றுவிட்டுப் பிறகு புதிதாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் பெரும்பாலும் இதைவிடக் கூடும். தவறுவது எங்கே? வட்டியைக் கட்டாமல் முதலோடு சேர்த்து மீண்டும் அடகு வைப்பதில். இரண்டு முறை அப்படிச் செய்தால் மீட்கும் எண்ணமே போய்விடும், பிறகு ஏலம்தான். முகவரி மாறினால் அடகு வைத்த இடத்துக்கு உடனே அறிவியுங்கள், இல்லாவிட்டால் ஏலக் கடிதம் பழைய வீட்டுக்கே போகும்.

வேலையே போய்விட்டதா? விற்பதே மேல். கல், அரக்கு, பொடி கழித்துத்தான் எடை போடுவார்கள். அதனால் கல் வைத்த அட்டியலை விட்டு, அறுந்த சங்கிலி, நெளிந்த காப்பு என்று தொடங்குங்கள். ஒரு பவுண் 8 கிராம். தராசு பூச்சியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

களவு கூடும் காலத்தில் அடகுக்கு இன்னொரு பயன் உண்டு: நகை வங்கிப் பெட்டகத்தில் இருக்கும். பாதுகாப்புக்காகவே சிறு தொகைக்கு வைப்பவர்களும் இருக்கிறார்கள். எங்கே கொடுத்தாலும் எடையும் கரட்டும் எழுதிய பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியேறாதீர்கள். அடையாள அட்டை கேட்காத கடை களவு நகையும் வாங்கும்.