மூன்று சனிக்கிழமை, 900 ரூபாய்: பெற்றோர் வகுப்புக்குப் போய் வந்த கதை

எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் "குட் டச், பேட் டச்: பெற்றோருக்கான பயிற்சி" என்று ஒரு நோட்டீஸ் வந்தபோது, இதைப் பிள்ளைகளுக்குத்தானே சொல்லித்தர வேண்டும், நமக்கு எதற்கு என்றுதான் நினைத்தேன். தம்பதிக்கு 900 ரூபாய், மூன்று சனிக்கிழமை மாலை, தலா இரண்டு மணி நேரம், இடம் கோவை சரவணம்பட்டியில் ஒரு மண்டபத்தின் மாடி. மனைவி பணத்தைக் கட்டிவிட்டாள், அதனால் போனேன். அம்மாவும் கூடவே கிளம்பிவிட்டார். அவருக்குத் தனியாகக் காசு கேட்கவில்லை, அதற்கே ஒரு மார்க் போடலாம். முப்பது பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஆண்கள் நாலே பேர்.

முதல் நாள் டீச்சர் கேட்ட முதல் கேள்வி, "உங்க வீட்ல அந்த இடத்துக்கு என்ன பேரு?" யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒருவர் "ஷேம் ஷேம்" என்றார், மண்டபமே சிரித்தது, ஏனென்றால் எல்லார் வீட்டிலும் அதுதான். டீச்சர் சிரிக்கவில்லை. "உடம்புல ஒரு இடத்துக்கு வெட்கம்னே பேர் வச்சிட்டு, அங்க ஒருத்தன் கை வச்சா வந்து சொல்லுன்னா குழந்தை எப்படிங்க சொல்லும்?" என்றார். எனக்கு அந்த ஒரு கேள்விக்கே 900 ரூபாய் சரியாகப் போய்விட்டது.

நோட்டீஸில் போட்டிருந்த "குட் டச், பேட் டச்" என்ற பேச்சே அவருக்குப் பிடிக்கவில்லை என்பது இரண்டாவது ஆச்சரியம். தொடுகிறவன் சாக்லேட் கொடுத்து, கொஞ்சி, விளையாட்டாகத்தான் தொடுவான், குழந்தைக்கு அது கெட்டதாகவே தெரியாமல் போகலாம்; அதனால் உணர்ச்சியை வைத்து இல்லாமல் விதியாகச் சொல்லிக் கொடுங்கள் என்றார். உள்ளாடை மறைக்கிற இடத்தைக் கழுவிவிடவோ டாக்டர் பார்க்கவோ தவிர யாரும் தொடக்கூடாது, டாக்டர் பார்க்கும்போதும் அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் இருக்க வேண்டும், யாராவது "அம்மாகிட்ட சொல்லாத" என்றால் அதைக் கட்டாயம் வந்து சொல்ல வேண்டும். இவ்வளவுதான்.

"மாமாவுக்கு ஒரு முத்தம் குடு" என்று பிள்ளையைத் தள்ளிவிடாதீர்கள் என்றபோது அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்க, மரியாதை தெரியாத பிள்ளைன்னு பேசமாட்டாங்களா என்று எழுந்தே கேட்டுவிட்டார். "கை கூப்பி வணக்கம் சொன்னா மரியாதை இல்லீங்களா?" என்றார் டீச்சர். அம்மா பதில் சொல்லாமல் உட்கார்ந்தார். ஆனால் அடுத்த வாரம் ஊரிலிருந்து வந்த சித்தப்பாவிடம் என் மகளைக் காட்டி "அவ வணக்கம் சொல்லுவா, அது போதும்" என்று சொன்னதும் அம்மாதான்!

இரண்டாவது சனிக்கிழமை எனக்குக் கஷ்டமான நாள். அன்றைக்குப் பேச்சு வெளியாளைப் பற்றி இல்லை, நம்மைப் பற்றி. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டது. பாலியல் தொல்லை கொடுத்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் என்பதைப் பலரும் கேள்விப்பட்டிருப்போம். குடும்பத்துக்குள் அடி வாங்கிய குழந்தைகளில் 88.6 சதவீதம் பேரை அடித்தது பெற்றோர் என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. "அடி உதவுறாப்ல அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று ஒருவர் முனகினார். போன மாதம் ஹோம்வொர்க்குக்காக ஸ்கேலை எடுத்தவன் நான், தலையைக் குனிந்துகொண்டேன். பள்ளியில் வாத்தியார் அடிப்பதை 2009 கல்வி உரிமைச் சட்டமே தடுக்கிறது, நாம் மட்டும் வீட்டில் எந்தக் கணக்கில் அடிக்கிறோம் என்று தெரியவில்லை. அதைவிட உறைத்தது வேறு: பால் கொட்டியதற்கு அடி வாங்குகிற பிள்ளை, பெரிய விஷயம் ஏதாவது நடந்தால் அதையும் அடிக்குப் பயந்து மறைக்கும்.

அன்றைய வீட்டுப்பாடம் இரண்டு. கோபம் தலைக்கேறினால் அந்த அறையை விட்டு வெளியே வந்து, "நீ பாரு, என்னால முடியல" என்று வீட்டில் இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். (கைக்குழந்தை அழுகிறதென்று பிடித்துக் குலுக்கவே கூடாது, மூளை பாதிக்கும், உயிரே போகலாம் என்பதையும் அப்போதுதான் சொன்னார்.) அடுத்தது, தினமும் பத்து நிமிடம் போனைத் தூக்கி வைத்துவிட்டு பிள்ளை சொல்கிற விளையாட்டை விளையாட வேண்டும். முதல் மூன்று நாள் எனக்குப் பொறுமையே இல்லை. நாலாவது நாள் என் மகள் ஸ்கூல் வேனில் யார் யாரோடு சண்டை என்று தானாகவே சொல்ல ஆரம்பித்தாள்.

மூன்றாவது நாள்தான் சொதப்பல். ஏசி வேலை செய்யவில்லை, ஸ்லைடு முழுக்க ஆங்கிலம், சட்டத்துக்கு வந்த வக்கீல் இருபது நிமிடத்தில் ஓடிவிட்டார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012 போக்சோ சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே எல்லாருமே குழந்தை, ஆண்பிள்ளையும் சேர்த்து. தெரிந்தும் புகார் கொடுக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம், அப்போது போலீஸ் சீருடையில் இருக்கக்கூடாது, ராத்திரி ஸ்டேஷனில் வைக்கவும் கூடாது. ஸ்டேஷனுக்கு இழுத்தடிப்பார்கள் என்று பயந்துதான் பலரும் வாயை மூடிக்கொள்கிறார்கள், இதை நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டாமா? ஆன்லைன் கேம், தெரியாதவர்களோடு சாட் எல்லாம் கடைசி ஐந்து நிமிடத்தில் போய்விட்டது, இன்றைக்கு அதுக்குத்தான் தனி வகுப்பே வேண்டும்.

குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யச் சொன்னார்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, குழந்தையே கூப்பிடலாம். என் பையனுக்கு நாலு வயது, அதை ஒரு பாட்டாகப் போட்டுப் பாடித் திரிகிறான்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அடுத்த பேட்ச் போடுகிறவர்கள் ஞாயிறு காலையில் வையுங்கள், அப்பாக்களும் வருவார்கள். தாத்தா பாட்டி இருந்தால் அழைத்துப் போங்கள், பகலில் பிள்ளையோடு இருப்பது அவர்கள்தானே. காபியை மட்டும் வீட்டிலேயே குடித்துவிட்டுப் போய்விடுங்கள்.