வானிலை மாதிரியை ஜிபியுவில் ஓட்டுவது: குடாவா, ஓப்பன்ஏசிசியா, டிஎஸ்எல்லா?

வானிலை மாதிரியை, அதாவது காற்றையும் மழையையும் கணக்கிட்டுக் கணிக்கும் நிரலை, ஜிபியுவில் (ஏகப்பட்ட கணக்குகளை ஒரே நேரத்தில் போடும் கிராஃபிக்ஸ் சிப்) போட்டால் எத்தனை மடங்கு வேகம் கிடைக்கும் என்று யாராவது கேட்டால், எதோடு ஒப்பிட்டு என்று முதலில் திருப்பிக் கேளுங்கள். 2010இல் ஜப்பானின் அசுகா மாதிரியை முழுக்க குடாவில் (என்விடியா ஜிபியுவுக்கு நேரடியாக நிரல் எழுதும் முறை) எழுதி சுபாமே சூப்பர் கணினியில் ஓட்டினார்கள். 80 மடங்கு வேகம் என்று கட்டுரைத் தலைப்பிலேயே இருக்கும். அபாரமான வேலைதான், ஆனால் அந்த 80 ஒரு ஜிபியுவை ஒரே ஒரு சிபியு கோரோடு (சாதாரணக் கணினிச் சிப்புக்குள் இருக்கும் பல கணக்கு அலகுகளில் ஒன்று) நிறுத்திப் பார்த்ததில் வந்தது.

வானிலை நிரல் பெரும்பாலும் கணக்குப் போட முடியாமல் திணறுவதில்லை, தரவு வந்து சேரட்டும் என்று காத்துக் கிடக்கிறது. வளிமண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டப்புள்ளிக்கும் பக்கத்துப் புள்ளிகளின் காற்று, அழுத்தம், வெப்பநிலை எல்லாவற்றையும் மெமரியிலிருந்து இழுத்து, நாலு கூட்டல் பெருக்கல் செய்து, திரும்ப எழுத வேண்டும், அவ்வளவுதான். அதனால் மெமரி வேகத்தைப் பாருங்கள்: என்விடியா ஏ100 ஜிபியு கார்டின் 40 ஜிபி வகை நொடிக்குச் சுமார் 1,555 ஜிபி தரும், ஏஎம்டி ஈபிக் 7763 சிபியு ஒரு சாக்கெட்டுக்குச் (அதாவது ஒரு சிப்புக்கு) சுமார் 205 ஜிபி. ஏறக்குறைய ஏழரை மடங்கு. ஒரு கார்டுக்கு ஒரு சிபியு சிப் என்று வைத்தால் நியாயமான எதிர்பார்ப்பு இந்த வட்டாரம்தான். யாராவது 50, 100 என்று சொன்னால், பழைய நிரல் எவ்வளவு மோசமாக இருந்தது என்று விசாரியுங்கள்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

குடாவில் கையால் எழுதுவதில் கார்டு முழுக்க உங்கள் பிடியில் இருக்கும், வேகமும் கிடைக்கும். ஆனால் பெரிய வானிலை மாதிரி என்பது பல லட்சம் வரி ஃபோர்ட்ரான் (பழைய அறிவியல் நிரல்மொழி), அதை எழுதியவர்கள் வானிலை ஆட்கள், அடுத்த வருடம் மேகக் கணக்கை மாற்றப் போவதும் அவர்களே. குடா பதிப்பு ஒன்று தனியாக இருந்தால் அது ஆறு மாதத்தில் மூலத்தைவிட்டுப் பின்தங்கிவிடும். இதில் பாதி வேலை செய்வது இன்னும் மோசம். 2008இல் டபிள்யூஆர்எஃப் மாதிரியின் மேகக் கணக்குப் பகுதி ஒன்றை மட்டும் குடாவுக்கு மாற்றிப் பார்த்தார்கள். மொத்த ஓட்ட நேரத்தில் அது கால் பங்கு. அந்தக் கால் பங்கை இல்லாமலே ஆக்கினாலும் மொத்தத்தில் 1.33 மடங்குக்கு மேல் போகாது. பத்து மடங்கு வேகமாக்கினால் 1.29. இதில் ஒவ்வொரு காலப்படியிலும் (மாதிரி நேரத்தை முன்னே நகர்த்தும் ஒவ்வொரு சிறு அடியிலும்) தரவைக் கார்டுக்கு அனுப்பி வாங்கும் நேரம் வேறு. ஆக, ஜிபியுவுக்கு மாற்றினால் முழு மாதிரியும் கார்டிலேயே குடியிருக்க வேண்டும்.

ஓப்பன்ஏசிசி இதற்கு நேரெதிர். ஃபோர்ட்ரான் அப்படியே இருக்கும், லூப்புக்கு (திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதி) மேலே ஒரு குறிப்பு வரி போட்டால் மீதியைக் கம்பைலர் (நிரலைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றும் கருவி) பார்த்துக்கொள்ளும் என்பது விளம்பரம். நடைமுறையில் லூப்பையும் திருத்த வேண்டியிருக்கும்: ஐகான் மாதிரியில் லூப் ஒரு தடவைக்கு எத்தனை கட்டப்புள்ளிகளை எடுக்கும் என்பதற்கு என்புரோமா என்று ஒரு அளவு உண்டு, சிபியுவுக்குச் சிறு துண்டுகளாக வைத்தால் கேஷுக்குள் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறிய வேக மெமரி) அடங்கும், ஜிபியுவுக்கோ கார்டில் இருக்கும் மொத்தப் பரப்பையும் ஒரே துண்டாகக் கொடுத்தால்தான் அது முழுசாக வேலை செய்யும். அப்புறம், சிபியுவுக்கும் கார்டுக்கும் இடையே தரவைப் புதுப்பிக்கும் வரி ஒன்றை மறந்தால் எர்ரர் எதுவும் வராது, பழைய ஈரப்பதத்தை வைத்துக்கொண்டு மாதிரி நிம்மதியாக ஓடும். சிபியு முடிவும் ஜிபியு முடிவும் கடைசி இலக்கம் வரை எப்படியும் பொருந்தாது என்பதால் தப்பு எது, ரவுண்டிங் (கடைசி இலக்கங்களை வெட்டுவதில் வரும் சிறு வித்தியாசம்) எது என்று பிரிப்பதற்கே தனியாக ஒரு சோதனை முறை வேண்டும். இன்னொரு குறை, என்விடியா கம்பைலரைத் தாண்டினால் ஆதரவு சட்டென்று மெலிந்துவிடும்.

டிஎஸ்எல் (ஒரு துறைக்கென்றே உருவாக்கிய சிறு நிரல்மொழி) வழியில், என்ன கணக்கு என்பதை மட்டும் எழுதுகிறீர்கள், எந்த சிப்பில் எப்படி ஓடும் என்பதை அடியில் இருக்கும் கருவி முடிவு செய்கிறது. கேட்க இதுதான் அழகானது. சுவிட்சர்லாந்தின் மீட்டியோசுவிஸ் 2016இல் 1.1 கிலோமீட்டர் கட்டத்தில் காஸ்மோ மாதிரியை ஜிபியுவில் அன்றாடக் கணிப்புக்குக் கொண்டுவந்தபோது, காற்றோட்டக் கணக்கை ஸ்டெல்லா என்ற சி++ டிஎஸ்எல்லில் புதிதாக எழுதினார்கள், மற்ற இயற்பியலுக்கு ஓப்பன்ஏசிசி. ஆனால் 2024இல் அதே மீட்டியோசுவிஸ் ஐகானுக்கு மாறியபோது கணிப்பில் ஓடியது ஓப்பன்ஏசிசி பதிப்பு. பைத்தான் டிஎஸ்எல்லில் ஐகானை மறுபடி எழுதும் வேலை இணையாக நடக்கிறது. வானிலை ஆட்களோடு மென்பொருள் ஆட்களும் நிரந்தரமாக உட்காரும் இடத்தில்தான் டிஎஸ்எல் தாக்குப்பிடிக்கும் என்பது என் கணிப்பு. அமெரிக்காவின் ஸ்க்ரீம் மாதிரி போல எல்லாவற்றையும் சி++, கோக்கோஸில் (ஒரே நிரலைப் பல வகைச் சிப்புகளிலும் ஓட்ட உதவும் சி++ நூலகம்) திருப்பி எழுதி ஏஎம்டி கார்டுகளில் ஓட்டுவதும் முடியும்தான், அதற்கு அந்த அளவு ஆள்பலம் வேண்டும்.

கையில் ஏற்கெனவே ஃபோர்ட்ரான் மாதிரி இருந்து, மூன்று நான்கு பேர்தான் குழு என்றால் நான் யோசிக்காமல் ஓப்பன்ஏசிசி என்பேன். குடாவை, அளந்து பார்த்து உண்மையிலேயே இழுக்கிறது என்று தெரிந்த ஓரிரு லூப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கணினி விளையாட்டுக்கான ஜிபியு கார்டு போதுமா? ஆர்டிஎக்ஸ் 4090இல் இரட்டைத் துல்லியம் (எண்ணை அதிக இலக்கங்களோடு வைத்துக் கணக்கிடுவது) ஒற்றைத் துல்லியத்தின் 64இல் ஒரு பங்கு வேகம்தான். ஆனால் ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையமே 2021இலிருந்து தன் கணிப்புகளை ஒற்றைத் துல்லியத்தில் ஓட்டுகிறது, அதனால் அது மட்டும் தடையில்லை. 24 ஜிபி மெமரிதான் முதலில் கழுத்தைப் பிடிக்கும்.

இதற்கெல்லாம் எதற்கு மெனக்கெட வேண்டும், கூகுள் டீப்மைண்டின் ஏஐ வானிலை மாதிரி கிராஃப்காஸ்ட் இருக்கிறதே என்பார்கள். ஒரே ஒரு டிபியுவில் (கூகுளின் ஏஐ சிப்) பத்து நாள் கணிப்பு ஒரு நிமிடத்துக்குள், அதுவும் உலகம் முழுக்க. உண்மைதான். கால் டிகிரி கட்டமும் ஆறு மணி நேரப் படியும் போதும் என்றால் தாராளமாக அதையே எடுங்கள். ஒரு பள்ளத்தாக்கில் மாலை இடிமழை எத்தனை மணிக்கு என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. தவிர, அது கற்றுக்கொண்ட ஈஆர்ஏ5 (கடந்த பல வருட வானிலையின் தொகுப்பு) தரவும் சரி, தினமும் ஓட்டத்தைத் தொடங்க எடுத்துக்கொள்ளும் ஆரம்ப நிலையும் சரி, இயற்பியல் மாதிரி ஒன்று எங்கோ ஓடிக் கொடுத்ததுதான்.