புரூஜ் – கெண்ட் கால்வாய்க்கரை சைக்கிள் பேக்கேஜ்: காசு கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

கோடை விடுமுறைக்கு பெல்ஜியம் போய், கால்வாய்க்கரையோரம் சைக்கிள் மிதித்துக்கொண்டு ஊர் ஊராகத் தங்கலாம் என்று நினைக்கிறவர்கள் நம்மில் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். நல்ல நினைப்புதான். மேடு பள்ளம் இல்லாத பூமி; ஐம்பது வயதைத் தாண்டியவர்களும் மூச்சு வாங்காமல் ஓட்டலாம். மோசம் செய்தது அந்த ஊர் இல்லை, அந்த ஊரைப் பொட்டலம் கட்டி விற்ற ஒரு இணைய நிறுவனம். நாங்கள் இருப்பது ஜெர்மனியில், அவர்கள் அலுவலகம் வேறொரு ஐரோப்பிய நாட்டில். கைடு கிடையாது, விடுதி, பேட்டரி சைக்கிள், பெட்டிகளை விடுதிக்கு விடுதி கொண்டுபோய் வைப்பது, வழிப் புத்தகம் எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு 1,640 யூரோ. இந்த நான்கில் ஒன்றுகூட முழுதாகச் சொன்னபடி நடக்கவில்லை.

முதலில் சைக்கிள். நிறுவனத்திடம் சொந்தமாக ஒரு சைக்கிள் கிடையாது. புரூஜில் ஒரு வாடகைக் கடையோடு ஒப்பந்தம். இது தப்பில்லை, பல பேர் அப்படித்தான் நடத்துகிறார்கள். ஆனால் இணையத்தில் 500 வாட்-அவர் பேட்டரி என்று போட்டுவிட்டு, கடையில் கொடுத்த வண்டியின் பேட்டரி ஸ்டிக்கரில் 36 வோல்ட், 8.8 ஆம்பியர்-அவர் என்று இருந்தது. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாட்-அவர், அது 317 கூட வராது. அதிலும் பழைய பேட்டரி. கேட்டதற்குக் கடைக்காரர், "எனக்கு வந்த ஆர்டரில் பேட்டரி சைக்கிள் இரண்டு என்றுதான் இருக்கிறது" என்று தாளைத் திருப்பிக் காட்டினார். அவர் சொன்னது பொய் இல்லை.

என் மனைவிக்குக் கொடுத்த வண்டியில் பின்சக்கரம் லேசாகக் கோட்டமாக இருந்தது. "ஓடும், ஓடும்" என்றார். மட்கார்டில் ஒரு நீளக் கீறல். நான் ஸ்டிக்கர், சக்கரம், கீறல், கிலோமீட்டர் மீட்டர், வண்டியின் ஃப்ரேம் எண் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தேன். வாடகைக் கார் எடுத்துப் பழகியவர்களுக்கு இது கைப்பழக்கம். கடைக்காரர் முகம் சுளித்தார், பரவாயில்லை. டச்சு மொழியில் இருந்த படிவத்தில் கையெழுத்துப் போடும்போது, 'பின்சக்கரம் கோட்டம், மட்கார்டில் கீறல்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி, அதையும் படம் எடுத்துக்கொண்டேன்.

புரூஜிலிருந்து டாம்மே என்ற சின்ன ஊருக்குப் போகும் கால்வாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கோளாறு பிடிபட்டதே அந்தக் கரையில்தான். நெப்போலியன் உத்தரவில் 1810-ல் தோண்ட ஆரம்பித்தது. இங்கிலாந்துக் கடற்படையின் கண்ணில் படாமல் படைகளை உள்நாட்டு நீர்வழியிலேயே நகர்த்துவதற்காம். மண் வெட்டியவர்கள் ஸ்பெயின் நாட்டுப் போர்க்கைதிகள். கோடு போட்டது போல நேராகப் போகும் தண்ணீர், இரு கரையிலும் வானுயர்ந்த பாப்லர் மரங்கள். கடற்காற்று அடித்து அடித்து மரங்களெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும்.

"ஏங்க, இந்த வண்டிய யாரோ பின்னால இருந்து புடிச்சு இழுக்கற மாதிரியே இருக்கு" என்றாள். எதிர்க்காற்றாக இருக்கும் என்றேன். அவள் மரத்தைக் கையால் காட்டி, "மரம் நாம போற பக்கமாத்தான சாயுது?" என்றாள். சரிதான். அந்தப் பக்கம் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும்; புரூஜிலிருந்து டாம்மே வடகிழக்கு. காற்று முதுகைத் தள்ளுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. இறங்கி, கேரியரைப் பிடித்துப் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டேன். அரைச் சுற்றுகூட வரவில்லை, பிரேக் கட்டையில் உரசி நின்றுவிட்டது. ஒரு ஸ்போக் தொளதொளவென்று ஆடியது. இன்னொன்று ஹப்புக்குப் பக்கத்தில் முறிந்து, அடுத்த ஸ்போக்கில் சுற்றி மறைத்து வைக்கப்பட்டிருந்தது. மறைத்து வைக்கப்பட்டிருந்தது என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். தானாக முறிந்த கம்பி அவ்வளவு அழகாகச் சுற்றிக்கொள்ளாது.

'24 மணி நேர உதவி எண்' என்று வழிப் புத்தகத்தின் அட்டையிலேயே அச்சிட்டிருந்தார்கள். அழைத்தால் பதிவுசெய்த குரல், அலுவலக நேரத்தில் கூப்பிடச் சொன்னது. அப்போது திங்கட்கிழமை காலை பதினொரு மணி. மின்னஞ்சல் அனுப்பினேன், 'உங்கள் கோரிக்கை பெறப்பட்டது' என்று தானியங்கி பதில். வேறு வழியில்லாமல் வழியிலிருந்த ஒரு சைக்கிள் கடைக்கு உருட்டிக்கொண்டு போனோம். அந்தப் பெரியவர் ஸ்போக் மாற்றி, கோட்டம் எடுத்து, 38 யூரோ வாங்கினார். முறிந்த துண்டைக் கையில் கொடுத்து, முறிந்த இடம் கறுத்துப்போயிருப்பதைக் காட்டினார். இன்று நேற்று முறிந்தது இல்லை என்று ரசீதிலேயே ஒரு வரி எழுதிக் கொடுத்தார். கேட்டதும் எழுதிக் கொடுத்தாரே, அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

டாம்மேயில் பழைய நகர மண்டபத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். பர்கண்டி கோமகன் சார்லஸும் இங்கிலாந்தின் யார்க் வம்சத்து மார்கரெட்டும் 1468-ல் திருமணம் செய்துகொண்டது இந்தச் சின்ன ஊரில்தான். ஒரு காலத்தில் இது புரூஜின் துறைமுகம். பிறகு கடல்வாய் மண் மூடிப்போய், இப்போது புத்தகக் கடைகளும் பான்கேக் கடைகளும்தான். அன்று இரவு எல்லை தாண்டி நெதர்லாந்தின் ஸ்லாய்ஸில் தங்கினோம். அந்த விடுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் கெண்ட் வரை நீண்ட ஓட்டம். லியோபோல்ட் கால்வாயும் அதன் பக்கத்திலேயே ஓடும் இன்னொரு கால்வாயும் அந்த வட்டாரத்தில் பிரசித்தம். ஒன்றைப் 'பளபளப்பான்' என்றும் மற்றதை 'நாற்றக்காரன்' என்றும் ஊர்க்காரர்கள் கேலிப்பெயரில் அழைக்கிறார்கள். லினன் துணிக்காக ஆளிச் செடியை ஊறவைத்த லேய் ஆற்றுத் தண்ணீர் இரண்டாவதில் வந்ததால் அந்தப் பெயர். இப்போது நாற்றமெல்லாம் இல்லை. ஈக்லோ தாண்டியதும் மனைவி வண்டியின் பேட்டரி செத்தது, கொஞ்ச நேரத்தில் என்னுடையதும். பேட்டரி இறங்கிய வண்டி இருபத்தைந்து கிலோ இரும்பு. அதை மிதித்துக்கொண்டுதான் கெண்டுக்குள் நுழைந்தோம்.

விடுதிக் கதை இதைவிட மோசம். 'கெண்ட் பழைய நகரின் நடுவில், தண்ணீர்க்கரையோரம்' என்று காசு கட்டிய விடுதியில் எங்கள் பெயரே இல்லை. வரவேற்பில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே, "இன்று நகரத்தில் ஒரு அறைகூடக் கிடைக்காது" என்றாள். ஜூலையில் பத்து நாள் நடக்கும் கெண்ட் திருவிழா அது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 21-க்கு முந்தைய வெள்ளிக்கிழமை தொடங்குவது, எவரும் திடீரென்று வைத்ததில்லை. நிறுவனம் அறை பிடிக்காமலே எங்களிடம் காசு வாங்கியிருக்கிறது. நிபந்தனைகளில் பொடி எழுத்தில் 'அல்லது அதற்கு இணையான விடுதி' என்று ஒரு வரி. அந்த இணையான விடுதி எங்கே என்றால், ஊருக்குத் தென்மேற்கே, ஈ40 நெடுஞ்சாலை இரைச்சலுக்குப் பக்கத்தில், கண்காட்சி வளாகம் இருக்கும் வட்டாரத்தில். ஜன்னலைத் திறந்தால் லாரி நிறுத்தம்.

இன்னும் கேளுங்கள். பெட்டி கொண்டுவருகிறவரிடம் விடுதி மாறியதைச் சொல்லவில்லை. அவர் பாவம், பழைய முகவரியிலேயே பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் டிராம் பிடித்துத் திருவிழாக் கூட்டத்துக்குள் புகுந்து, இரண்டு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு வந்தபோது மணி பதினொன்று. அன்றைக்கு என் மனைவி சொன்னதை இங்கே எழுத முடியாது.

அடுத்த நாள் செயின்ட் பாவோ தேவாலயத்தில் வான் ஐக் சகோதரர்களின் 1432-ம் ஆண்டு பீட ஓவியத்தைப் பார்த்தோம். அதற்காகவாவது கெண்ட் வந்தது வீணில்லை.

ஊர் திரும்பிச் சில வாரம் கழித்து, கார்டில் 'பின்சக்கரம் மாற்றிய செலவு' என்று 210 யூரோ பிடித்திருந்தார்கள். வாடகைக் கடையைக் கேட்டால் நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள். நிறுவனமோ, "நாங்கள் வெறும் இடைத்தரகர், எல்லாப் பொறுப்பும் உள்ளூர்க் கடைகளுடையது" என்று எழுதியது.

இந்த 'வெறும் இடைத்தரகர்' பதிலுக்கு மயங்காதீர்கள். தங்குவதும் வாடகைக் காரும், அல்லது தங்குவதும் பயணத்தின் முக்கிய அம்சமான சைக்கிள் வாடகையும் போல இரண்டு வகைப் பயணச் சேவைகளை மொத்தமாக ஒரே விலைக்கு விற்றாலே அது பேக்கேஜ் பயணம் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015/2302 ஆணை. 2018 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. விற்றவர்தான் பொறுப்பு, கீழே யார் வேலை செய்தாலும் சரி. குறையை உடனே தெரிவிக்க வேண்டும், நியாயமான நேரத்துக்குள் அவர்கள் சரிசெய்யாவிட்டால் நாமே சரிசெய்து செலவைக் கேட்கலாம், தரம் குறைந்ததற்கு விலைக் குறைப்பும் கேட்கலாம். அதனால்தான் அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்பியது பயன்பட்டது. தொலைபேசியில் மட்டும் கத்தியிருந்தால் கையில் சாட்சி இருந்திருக்காது.

210 யூரோவை வங்கியில் ஆட்சேபித்து, படங்களையும் பெரியவரின் ரசீதையும் அனுப்பினேன். பணம் திரும்பி வந்தது. விடுதிக்கும் பேட்டரிக்கும் உரிய விலைக் குறைப்புக்கு, ஜெர்மனியின் கேல் நகரில் இருக்கும் ஐரோப்பிய நுகர்வோர் மையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், கட்டணம் கிடையாது. நிறுவனத்தின் நிபந்தனைப் பக்கத்தில் 'புகார்களுக்கு' என்று கொடுத்திருந்த ஐரோப்பிய ஒன்றிய இணையத்தளம் 2025 ஜூலை 20 அன்றே மூடப்பட்டுவிட்டது என்பதைத் தனியாகச் சொல்லவேண்டும். செத்த இணைப்பைக் கொடுத்து வைத்திருக்கும் நிறுவனம் எந்த அழகில் புகாரைக் கவனிக்கும்? சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ சுற்றுலா வருகிறவர்களுக்கு இந்த நுகர்வோர் மையம் உதவாது, அது ஒன்றியத்துக்குள்ளும் நார்வே, ஐஸ்லாந்திலும் வசிக்கிறவர்களுக்கு. நீங்கள் நம்ப வேண்டியது கிரெடிட் கார்டைத்தான், பேங்க் டிரான்ஸ்பர் கேட்டால் விலகிவிடுங்கள்.

இவ்வளவுக்கும் அந்த வழிப் புத்தகத்தில் என்ன இருந்தது தெரியுமா? எண்கள். பெல்ஜியத்தில் சைக்கிள் பாதைகள் கூடும் சந்திப்பு ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துக் கம்பம் நட்டிருக்கிறார்கள். அடுத்த எண்ணுக்கு அம்புக்குறி. ஹியூகோ போலென் என்ற சுரங்கப் பொறியாளர் யோசித்து, 1995-ல் லிம்பர்க் மாகாணத்தில் ஆரம்பித்த ஏற்பாடு, பிறகு நெதர்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் பரவியது. போக வேண்டிய எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் போதும். திட்டமிட இலவச இணையத்தளங்கள் இருக்கின்றன. எண்கள் அவ்வப்போது மாறும், எங்களுக்குக் கொடுத்த புத்தகத்தில் இரண்டு எண் நிஜத்தில் இல்லவே இல்லை. இலவசமாகக் கிடைப்பதைப் பழசாக அச்சடித்து விற்றிருக்கிறார்கள்.

பெட்டி சுமக்கும் சேவை மட்டும் வயதானவர்களோடு போகும்போது தேவைதான். அதைத் தனியாகவும் எடுக்கலாம். பேக்கேஜே வேண்டும் என்றால் விடுதியின் பெயரும் பேட்டரியின் வாட்-அவரும் உறுதிப் பத்திரத்தில் எழுத்தில் இருக்க வேண்டும், 'அல்லது இணையான' என்ற வரியை அடிக்கச் சொல்லிக் கேளுங்கள். பயணத்துக்கு முன்வாரம் விடுதிக்கே நேராகப் போன் போட்டு உங்கள் பெயரில் அறை இருக்கிறதா என்று விசாரியுங்கள். சைக்கிள் எடுக்கும்போது பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள், ஸ்போக்குகளை விரலால் மீட்டிப் பாருங்கள், தொளதொளத்தால் வேறு வண்டி கேளுங்கள்.

நுகர்வோர் மையம் அனுப்பிய கடிதத்துக்கு நிறுவனம் விடுதிக்காக மட்டும் 60 யூரோ தருவதாக இறங்கி வந்திருக்கிறது. அதுவும் அடுத்த முறை அவர்களிடமே பயணம் எடுத்தால் கழித்துக்கொள்ளும் கூப்பனாக. வேண்டாம், பணமாகத் தாருங்கள் என்று எழுதிவிட்டேன். பதில் வந்தால் இதே பதிவில் சேர்க்கிறேன்.