கல்லூரி மேக்கர்ஸ்பேஸா, ஓசூர் லேத் பட்டறையா?

இறுதியாண்டு புராஜெக்டுக்கு நாங்கள் நால்வரும் எடுத்துக்கொண்டது புளி. மாசி, பங்குனியில் கிருஷ்ணகிரி பக்கம் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து கொட்டைப்புளியைத் தட்டித் தட்டிப் பூப்புளி ஆக்குவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். கொட்டை எடுக்க ஒரு சின்ன இயந்திரம் செய்ய வேண்டும். அதை எங்கே செய்வது என்பதில்தான் வாக்குவாதம்: மாணவர்கள் தாங்களே கருவிகளைக் கையாண்டு செய்து பார்க்கும் கூடமான கல்லூரி மேக்கர்ஸ்பேஸிலா, ஓசூர் லேத் பட்டறையிலா? காசு கொடுத்து ரெடிமேட் புராஜெக்ட் வாங்குவதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

ஓசூர் பட்டறையின் பலம் எல்லோருக்கும் தெரிந்தது: எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), வெல்டிங், லேத்தில் கடைவதில் கை தேர்ந்த டர்னர். மேக்கர்ஸ்பேஸில் இருந்தவை இரண்டு த்ரீடி பிரிண்டர், ஒரு லேசர் கட்டர், ஆர்டுயினோ எனும் சின்ன கன்ட்ரோல் போர்டுகள்.

ஆனாலும் நான் மேக்கர்ஸ்பேஸ் பக்கமே நின்றேன். தப்பு செய்ய ஆகும் செலவுதான் காரணம். புளி நுழையும் இரண்டு பல் வைத்த உருளைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது? கூடினால் கொட்டை சதையோடு வழுக்கிக்கொண்டு போய்விடும். குறைந்தால் உடைந்து புளியில் கலந்துவிடும். புளியும் காய்ந்த நாளில் ஒரு மாதிரி, ஈரம் ஏறிய நாளில் வேறு மாதிரி. செய்து செய்துதான் பார்க்க வேண்டும். பட்டறையில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் புதுக் கூலி, பஸ் செலவு, கம்பெனி ஜாப் முடியும்வரை காத்திருப்பு. மூன்றாம் தடவை போய் நிற்க வாய் கூசும். மேக்கர்ஸ்பேஸில் மாலையில் டிராயிங்கை மாற்றி பிரிண்ட் போட்டுவிட்டுப் போனால் காலையில் உருளை கையில் இருக்கும். நான்கு உருளைகள் வீணாயின. பல்லை நேராக வைக்காமல் சாய்த்து வைக்க வேண்டும் என்பது ஐந்தாவதில்தான் விளங்கியது. நாலு வருட வகுப்பில் டிசைன் என்றால் என்னவென்று எனக்குப் புரிந்த நாள் அதுதான்.

குறையும் உண்டு. நாசில் (பிளாஸ்டிக் வெளிவரும் முனை) அடைத்துக்கொண்டு ஒரு வாரம் பிரிண்டர் சும்மா கிடந்தது. சரிசெய்யத் தெரிந்தவர் ஒருவர்தான். பிரிண்ட் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே இளகும். புளியின் அமிலம் சாதா இரும்பை அரிக்கும். அதனால் கடைசி உருளையை எஸ்எஸ்ஸில் செய்ய ஓசூருக்கே போனோம். பிளாஸ்டிக் மாதிரியைக் கையில் கொடுத்ததும் டர்னர் அண்ணன் ஒரே தடவையில் கடைந்து கொடுத்துவிட்டார்.

நாங்கள் செய்தது ஒரே இயந்திரம். இருபது, முப்பது என்று செய்வதானால் பட்டறைதான் சரிப்படும் என்று நினைக்கிறேன்.

சென்னை ஐஐடியில் மாணவர்களே நடத்தும் இந்த மாதிரிக் கூடமான சிஎஃப்ஐ (சென்டர் ஃபார் இன்னொவேஷன்) 2008லிருந்து இருக்கிறது. நம் மாவட்டங்களில் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியோ செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியோ, எங்கே சேரப் போகும் தம்பி தங்கைகளும் இரண்டு கேள்வி கேளுங்கள்: லேப் மாலையிலும் திறந்திருக்குமா? முதலாண்டு மாணவர் இயந்திரத்தைத் தொடலாமா?