தோளில் மாட்டும் 25 வாட் மெகாபோன்: ஊர்வலத்துக்கு வாங்கலாமா?

கல்விக் கட்டண உயர்வை எதிர்த்து நாங்கள் நடத்திய ஊர்வலங்களுக்காக வாங்கிய மெகாபோன் இது. வாங்கலாம். முக்கியக் காரணம், மைக் தனியாகக் கழன்று வருகிறது. சுருள் ஒயரும் தாராளமாக நீள்கிறது.

மைக் கைப்பிடியோடு ஒட்டியிருக்கும் மாடலில், அதைப் பிடித்திருப்பவர்தான் கடைசிவரை பேசிக்கொண்டிருப்பார். இதில் ஹாரனை, அதாவது சத்தம் வெளிவரும் கூம்பை, ஒருவர் தோளில் சுமக்க, மைக் கை மாறிக்கொண்டே போகும். அதுவரை வாயே திறக்காத முதலாமாண்டு மாணவி ஒருத்தி விடுதிக் கட்டணத்தை வரி வரியாகப் படித்தாள். மறுநாள் அவள் வகுப்பே வந்து நின்றது. நாலைந்து பேரைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் செய்துவிடலாம் என்ற நிர்வாகத்தின் கணக்கு அத்தோடு போச்சு. கட்டண உயர்வை நிறுத்திவைத்தார்கள்.

பெரிய குறை சைரன் பட்டன். வால்யூம் திருகுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். யாருடைய கட்டைவிரலோ பட்டு அது அலற, முன்வரிசை என்னவோ ஏதோ என்று ஓடத் தொடங்கிவிட்டது. நெரிசலில் இது விளையாட்டல்ல. வாங்கியதும் முதல் வேலையாக அந்தப் பட்டன் மேல் ஒரு மூடியை வைத்து டேப் ஒட்டிவிடுங்கள். பேசுபவர் ஹாரனுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். முன்னால் போனால் ‘கீய்ங்’ என்று காதைக் கிழிக்கும். பக்கவாட்டில் நிற்பவர்களுக்குப் பாதிதான் கேட்கும். அதனால் கோஷம் குட்டையாக இருக்கட்டும். கோஷத்தைப் பதிவு செய்து திரும்பத் திரும்ப ஓடவிடும் வசதியும் உண்டு. மெஷினுக்கு யார் பதில் கோஷம் போடுவார்கள்?

சார்ஜ் ஒரு முழுப் பகல் தாங்காது. தீர்ந்தால் பதற வேண்டாம். 2011இல் நியூயார்க்கின் ஜுக்கோட்டி பூங்காவில் போராடியவர்களுக்கு ஒலிபெருக்கி வைக்க அனுமதி இல்லை. ஒருவர் சொல்வதைச் சுற்றியிருப்பவர்கள் ஒரே குரலில் திருப்பிச் சொல்லி, பின்வரிசைவரை கடத்தினார்கள். நாங்களும் செய்து பார்த்தோம், நன்றாகவே வேலை செய்கிறது.

ஒன்று, இந்தக் கருவி ஆள் சேர்த்துத் தராது. 1960 பிப்ரவரி 1 அன்று அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பினக் கல்லூரி மாணவர்கள், ஒரு கடையில் வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறிய உணவு கவுண்டரில் போய்ச் சும்மா உட்கார்ந்தார்கள். சில நாட்களில் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தார்கள். ஜூலையில் அந்தக் கடை கறுப்பின மக்களுக்கும் பரிமாறியது. அங்கே மெகாபோனுக்கு வேலையே இல்லை.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். குறைத்த ஒன்று சைரனுக்கு.