ஸ்ட்ரோலரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்

பாப்பா பிறந்த பிறகு முதல் ஊர்ப் பயணம். ஜனவரியில் டொரண்டோ பனியிலிருந்து தப்பித்தாற்போலவும் ஆயிற்று, பேத்தியோடு அம்மாவுக்கு ஒரு பொங்கல் ஆயிற்று என்று டிக்கெட் போட்டோம். பாப்பாவுக்கு இரண்டே கால் வயது. சென்னையை ஒரே நாளில் சுற்றிக் காட்டிவிடலாம் என்று விமானத்திலேயே திட்டம் போட்டு வைத்திருந்தேன்: காலையில் மியூசியம், மதியம் மால், சாயங்காலம் பீச். நங்கநல்லூர் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து அம்மா அந்தப் பட்டியலைப் படித்தார். “இதுல குழந்தை எப்போ தூங்கும்?” என்று மட்டும் கேட்டார். பட்டியலில் அதற்கு இடமில்லை.

2026-இல் பொங்கல் வியாழக்கிழமை, ஜனவரி 15-ஆம் தேதி. வெள்ளி திருவள்ளுவர் தினம், சனி காணும் பொங்கல், ஞாயிறு சும்மாவே லீவு. நான்கு நாள். பாதி சென்னை கிளாம்பாக்கம் வெளியூர் பஸ் நிலையத்தில் பஸ் ஏறிவிட, பொங்கலன்று காலை எங்கள் பக்கத்து ரோடுகள் கிரிக்கெட் விளையாடும் அளவுக்குக் காலியாக இருந்தன. ஆனால் அந்தக் காலியை நம்பி எல்லா இடத்துக்கும் கிளம்பிவிட முடியாது. ஊருக்குப் போகாத மற்ற பாதி, அதே நான்கு நாளில் அதே ஏழெட்டு இடங்களுக்குத்தான் வரும்.

வண்டலூர் உயிரியல் பூங்காவை முதலிலேயே வேண்டாம் என்று அடித்துவிட்டேன். 602 ஹெக்டேர். இரண்டு வயதுக் குழந்தை நான்காவது கூண்டிலேயே தரையில் உட்கார்ந்துவிடும். அதுகூடப் பரவாயில்லை, பூங்கா இருப்பது சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில், கிளாம்பாக்கத்தை ஒட்டி. வியாழனுக்கு முன்னால் ஊருக்குப் போகிறவர்களும் ஞாயிறு மாலை திரும்புகிறவர்களும் அந்த ரோட்டில்தான் நிற்பார்கள். மூத்திரம் முட்டிய குழந்தையோடு தாம்பரம் தாண்டாமல் நிற்பதைவிட வேறு தண்டனை வேண்டாம். கிண்டி சிறுவர் பூங்கா வீட்டுக்குப் பக்கம். 2024-இல் புதுப்பித்துத் திறந்த பிறகு நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் காணும் பொங்கல் வாரத்தில் அங்கே மானைவிட மனிதத் தலைதான் அதிகம் தெரியும். அதை அடுத்த புதன்கிழமைக்குத் தள்ளினோம். (செவ்வாய் அங்கே விடுமுறை, நினைவில் வையுங்கள்.) புதன் காலை போனபோது பாப்பா ஒரு புள்ளிமானோடு பத்து நிமிடம் பேசினாள். அதற்கு நடுவில் யாரும் வந்து நிற்கவில்லை.

சரி, வெள்ளிக்கிழமை கதைக்கு வருகிறேன். அது என் முட்டாள்தனத்தின் கதை.

மெட்ரோவில் போவது என்று முடிவு. இதில் மட்டும் எனக்குக் குறையே இல்லை. நங்கநல்லூர் ரோடு ஸ்டேஷனில் லிஃப்ட் ஓடியது. குழந்தையை உட்காரவைத்துத் தள்ளும் ஸ்ட்ரோலர் நுழைகிற அகலமான கேட்டை அங்கிருந்த பெண் ஊழியர் கேட்காமலே திறந்துவிட்டார். 90 சென்டிமீட்டருக்குக் குறைந்த குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். எங்கள் பாப்பா 88, அடுத்த முறை காசு கொடுத்துதான் வருவாள். வாட்ஸப்பில் டிக்கெட் எடுக்கலாம், 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ செயலியில் பஸ், ரயில், மெட்ரோ மூன்றுக்கும் சேர்த்தே எடுக்கலாம் என்று தம்பி சொல்லிக்கொண்டே இருந்தான். நான் கவுன்ட்டரில் காசு கொடுத்து வாங்கினேன். வரிசையில் மூன்று பேர்தான்.

மியூசியம் இருக்கும் எழும்பூர் போக இரண்டு வழி உண்டு. நீலத் தடத்திலேயே சென்ட்ரல் போய் ஒரு ஸ்டேஷன் திரும்பி வரலாம், அல்லது ஆலந்தூரில் பச்சைத் தடத்துக்கு மாறலாம். குழந்தை இருந்தால் பச்சைதான். நீலத் தடம் சின்னமலை தாண்டியதும் பூமிக்குள் போய்விடும், அப்புறம் ஜன்னலில் தெரிவது உங்கள் முகம் மட்டும். பச்சைத் தடம் அசோக் நகர், வடபழனி வழியாகக் கோயம்பேடு வரை மேலேயே ஓடும். மொட்டை மாடிகளில் காயும் துணி, தண்ணீர் டேங்க், கோபுரம், கீழே பொம்மை மாதிரி பஸ். பாப்பாவுக்கு அன்று கிடைத்த ஒரே நல்ல பொழுது அந்த இருபது நிமிடம்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் ஸ்ட்ரோலரின் ராஜ்யம் முடிந்தது. நடைபாதை இருந்தது. முழங்கால் உயரத்தில் ஆரம்பித்து, மின்பெட்டி ஒன்றைச் சுற்றி வளைந்து, நிறுத்தியிருந்த நான்கு பைக்குகளிடம் தோற்று, ஒரு வேப்ப மர வேரில் முடிந்தது. ஒரு கையில் பாப்பா, மறு கையில் மடக்கிய வண்டி. “வண்டி புள்ளைய சுமக்கும்னு வாங்குனியா, இல்ல வண்டிய நீ சுமக்கவா?” என்றார் அம்மா. வியர்வையில் பதில் சொல்லத் தோன்றவில்லை.

அப்படி மூச்சு வாங்கி, ஆட்டோ பிடித்து பாந்தியன் ரோட்டில் இறங்கினால் மியூசியம் கேட் பூட்டியிருந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. இது என்றுமே அப்படித்தான், நான் படித்த ஊர், எனக்கே தெரிந்திருக்க வேண்டும். போன் வரைபடத்தில் ‘விடுமுறை நாளில் நேரம் மாறலாம்’ என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, பண்டிகையைத்தான் சொல்கிறது என்று நினைத்துவிட்டேன். காவலாளி சிரிக்காமல், “ஞாயித்துக்கிழமை வாங்க சார், ஒன்பதரைக்குத் தொறப்போம்” என்றார்.

அங்கிருந்து ஒரு பெரிய மாலுக்குப் போனோம். பெயர் வேண்டாம். போர்டில் ‘குழந்தை பராமரிப்பு அறை’ என்று அழகாகப் பால்புட்டிப் படத்தோடு போட்டிருந்தது, கதவு பூட்டியிருந்தது. சாவி சூப்பர்வைசரிடம், சூப்பர்வைசர் சாப்பிடப் போயிருக்கிறார், அவர் போன் எடுக்கவில்லை. கால் மணி நேரம். துப்புரவு வேலை செய்யும் ஒரு அக்கா மனம் பொறுக்காமல், “இங்க வாங்கம்மா” என்று என் மனைவியைத் துணி மாற்றிப் பார்க்கும் அறை ஒன்றுக்குக் கூட்டிப்போய், கதவுக்கு வெளியே தானே காவலும் நின்றார். பெண்கள் கழிவறைக்கு உள்ளேதான் டயாபர் மாற்ற மேசை இருக்கும் என்பதையும் அன்று கற்றுக்கொண்டேன். அப்பா தனியாகக் குழந்தையைக் கூட்டிவருவான் என்று கட்டியவர்களுக்குத் தோன்றவே இல்லை போல.

ஒரு மணிக்குப் பாப்பாவின் தூக்க நேரம் வந்தது. டொரண்டோவுக்கும் சென்னைக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். ஒன்பது நாளில் அரும்பாடுபட்டுச் சரிசெய்த தூக்கம் அது. மாலின் பாட்டுச் சத்தத்தில் தூக்கம் வராமல், பசியும் எடுக்காமல், எஸ்கலேட்டர் அடியில் மல்லாந்து படுத்து அழுதாள். நான்கு பேர் நின்று பார்த்தார்கள். ஐந்தாவதாக வந்த ஒரு பாட்டி, “கண்ணு பட்டிருக்கு, போய் சுத்திப் போடுங்க” என்றார். அந்த நாளுக்கான மிகச் சரியான ஆலோசனை அதுதான், வீட்டுக்குப் போகச் சொன்னாரே.

திரும்ப கால் டாக்ஸி. பின் சீட்டில் பெல்ட் தொங்கியது, கொக்கி மாட்டும் பகுதியைக் காணோம். சீட் கவருக்கு அடியில் போய்விட்டிருந்தது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையை பெல்ட்டோ அதற்கான இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம். டிரைவரிடம் சொன்னேன். “சார், இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல” என்றார், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு. ஆனால் ஓரமாக நிறுத்தி, இறங்கி வந்து, கவரைக் கிழிக்காமல் கையை விட்டுத் துழாவி இரண்டு கொக்கிகளையும் எடுத்துக் கொடுத்தார். குழந்தை இருக்கை வேண்டுமென்றால் உறவினர் கார்தான், அல்லது கையோடு கொண்டுபோக வேண்டும். சித்தப்பா பையன் ஸ்கூட்டரில் கூட்டிப்போவதாகச் சொன்னான். நான்கு வயதுக்குள் என்றால் குழந்தைக்கும் ஹெல்மெட், உடம்போடு கட்டும் பெல்ட், வேகம் நாற்பதுக்குள் என்று விதி இருக்கிறது. நான் விதியைச் சொல்லி முடிப்பதற்குள் மனைவி பார்த்த பார்வையில் அவன் எழுந்து போய்விட்டான்.

சனிக்கிழமை வீட்டைவிட்டு நகரவில்லை. டிவியில் மெரினாவைக் காட்டினார்கள். மணல் தெரியவில்லை. கடலில் இறங்கவிடாமல் கட்டிய தடுப்புகள், குதிரையில் போலீஸ். வருகிற குழந்தைகளின் கையில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டையைப் போலீஸார் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் செய்வதுதான், நான் சிறுவனாக இருந்தபோது இது இல்லை. எனக்குப் பிடித்துப்போயிற்று. அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து ஒரு பழைய ரிப்பனை வெட்டி, அழியாத பேனாவில் என் நம்பரை எழுதிக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுப் படித்தார். “இது கனடா நம்பராச்சேடா. புள்ளைய கண்டுபிடிச்சவன் ஐஎஸ்டி போட்டா கூப்பிடுவான்?” வேறு ரிப்பன் வெட்டி அவர் நம்பரை எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு விதி ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டோம்: பதினொன்றுக்கு முன்னால் ஒரு இடம், நாலுக்குப் பின்னால் ஒரு இடம், நடுவில் வீடு. ஸ்ட்ரோலர் பால்கனியில் நின்றது, அதன் மேல் அம்மா துண்டு காயப்போட்டிருந்தார். பையில் இரண்டே டயாபர். சூட்கேஸ் நிறைய டயாபர் கொண்டுவந்தது இன்னொரு முட்டாள்தனம். தெருமுனைக் கடையிலேயே சின்னப் பாக்கெட் கிடைக்கிறது, போனில் சொன்னால் பத்து நிமிடத்தில் வாசலுக்கும் வருகிறது.

ஒன்பதரைக்கு மியூசியத்தில் நுழைந்தோம். 1851-இல் தொடங்கிய இடம், பழைய கட்டடங்கள், படிகள் நிறைய, இடுப்புதான் சரியான வாகனம். முற்றத்துப் பீரங்கிகளில் கொஞ்ச நேரம் போனது. திமிங்கல எலும்புக்கூட்டின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்து “பெரிய மீன் தூங்குது” என்றாள். வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜரைப் பார்த்து அவளும் ஒரு காலைத் தூக்கி, பொத்தென்று விழுந்தாள். எழுந்து மறுபடி தூக்கினாள். நான் மாணவனாக இருந்தபோது அந்தச் சிலை முன்னால் அரை நிமிடம்கூட நின்றதில்லை. அன்று அவளால் பத்து நிமிடம் நின்றேன். பாதிக் கட்டடங்களைப் பார்க்கவே இல்லை, பத்தே முக்காலுக்குக் கிளம்பிவிட்டோம்.

சாப்பாடு, அருகில் ஒரு சைவ ஹோட்டல். குழந்தை நாற்காலி கேட்டதும் வந்தது, பெல்ட் இல்லாமல். மனைவியின் துப்பட்டா பெல்ட் ஆயிற்று. இட்லி, நெய், சர்க்கரை. வெந்நீர் கேட்டால் எந்த ஹோட்டலிலும் முகம் சுளிக்காமல் கொடுக்கிறார்கள், இதை டொரண்டோவில் நான் கண்டதில்லை. பாலுக்கு மட்டும் ‘சர்க்கரை வேண்டாம்’ என்று இரண்டு முறை சொல்ல வேண்டும். ஒரு முறை சொன்னால் ‘கம்மியா’ என்று புரிந்துகொள்கிறார்கள். பணம் கொடுக்க யுபிஐ. கனடா உட்படச் சில நாட்டு நம்பர்களை, வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கோடு இணைத்து இதைப் பயன்படுத்த முடிகிறது. கிளம்புவதற்கு முன்பே வங்கியில் அதைச் சரிசெய்துகொண்டால் ஆட்டோக்காரரிடம் சில்லறைக்கு நிற்க வேண்டாம்.

பன்னிரண்டரைக்கு வீடு. ஒன்றிலிருந்து மூன்று வரை பாப்பா தூங்கினாள், நாங்களும்.

நாலரைக்கு பெசன்ட் நகர். கூட்டம் இருந்தது, மெரினாவின் முந்தைய நாள் கூட்டத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஷ்மிட் நினைவுச் சின்னம் பக்கம் மணலில் உட்கார்ந்துகொண்டோம். 1930-இல் மற்றவர்களைக் காப்பாற்றப்போய் இந்தக் கடலில் மூழ்கிய டென்மார்க் மாலுமியின் நினைவாகக் கட்டியது அது. தண்ணீர்ப் பக்கம் பாப்பாவை விடாமல் இருக்க எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. அவளுக்கும் கடல் வேண்டியிருக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் காற்றாடி, கையால் சுற்றும் ராட்டினத்தில் இரண்டு சுற்று, மீதி நேரமெல்லாம் மணலை ஒரு டம்ளரில் அள்ளி என் செருப்பில் கொட்டுவது. அம்மா மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டார். யாரும் அழவில்லை.

ஏழு மணிக்கு வண்டி பிடிப்பதுதான் பாடு. ஒரு செயலியில் மூன்று டிரைவர்கள் அடுத்தடுத்துக் கூப்பிட்டு, “எங்க போகணும்? கேஷா, ஆன்லைனா?” என்று கேட்டு, பதில் சொன்னதும் ரத்து செய்தார்கள். நாலாவது ஆளிடம் ‘கேஷ்’ என்றேன், வந்துவிட்டார். ஆட்டோ. குறுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா ஓரத்தில், பாப்பா என் மடியில். அடையாறு தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஹாரனை நிறுத்திக்கொண்டார், வேகத்தடைகளில் வண்டியை நத்தை மாதிரி ஏற்றி இறக்கினார்.

வீட்டுக்கு வந்து ரிப்பனைக் கழற்றப் பார்த்தால் முடிச்சு இறுகியிருந்தது. கத்தரிக்கோலை எடுத்தேன். “தூங்குற புள்ளகிட்ட கத்தரியா, காலைல பாத்துக்கலாம்” என்று அம்மா வாங்கி வைத்துவிட்டார்.